பிரிட்டிஷ் பாடகர், ஆர்கன் கலைஞர் ஸ்டீவ் வின்வுட்டை நேரில் கேட்டவர்கள் இருக்கிறீர்களா?

மேடையோரம்:
2003ல் ‘அபவுட் டைம்’ ஆல்பம் வந்த சமயம். அமெரிக்காவில் ஒரு சின்ன அரங்கம், மூன்றாவது வரிசை. ‘கிம்மி சம் லவ்வின்’ ஆரம்பித்ததும் அந்தத் தும் தும் பேஸ் நெஞ்சில் வந்து இடிக்கிறது. மேடையில் பேஸ் கிதாரையே காணோம். டிரம்ஸ் இருக்கிறது, கிதார் இருக்கிறது. டேப் போட்டு ஏமாற்றுகிறார்களோ என்று கழுத்தை நீட்டி நீட்டித் தேடினேன். நாலைந்து பாட்டு போன பிறகு பக்கத்து சீட்டுக்காரர் முழங்கையால் இடித்து, கீழே பார் என்று கை காட்டினார். ஹாமண்ட் என்ற மின்சார ஆர்கனுக்கு அடியில் மனிதரின் கால் பெடல்கள் மேல் நடந்துகொண்டிருக்கிறது! இடது கையும் காலும் பேஸைப் பார்த்துக்கொள்ள, வலது கை மிச்சத்தை வாசிக்க, வாய் பாட்டுக்குப் பாடுகிறது. 1966ல் அந்தப் பாட்டுக்கு பேஸ் வாசித்தவர் அண்ணன் மஃப். அண்ணன் பங்கைத் தம்பி காலாலேயே முடித்துவிட்டார்.

பழையரெக்கார்டு:
பேஸ் ஆள் இல்லாதது ஒரு பெருமையா? 2008 பிப்ரவரியில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனோடு மூன்று இரவு வாசித்தாரே, அதில் ஓர் இரவு நானும் இருந்தேன். பேஸ் வில்லி வீக்ஸ். அதனால்தான் வின்வுட்டால் நிம்மதியாக வாசிக்க முடிந்தது. 68ல் கிதார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு ஆர்கன் வாசித்த அதே ‘வூடூ சைல்’ வந்தது. ஆனால் என்னை விடாமல் துரத்துவது அதுவல்ல. எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள, தனியாக ஆர்கன் முன்னால் உட்கார்ந்து ‘ஜார்ஜியா’ பாடினார். பின்வரிசையில் பாப்கார்ன் கொறித்தவர்கூட நிறுத்திவிட்டார். பர்மிங்ஹாமில் பதினைந்து வயதில் மேடை ஏறிய பையனின் குரல் அப்படியே இருந்தது.
அப்புறம், 80களின் பளபளப்பு, பியர் விளம்பரத்துக்குப் போன பாட்டு இதையெல்லாம் யாரும் இங்கே இழுத்து வராதீர்கள். அவருடைய பழைய குழுக்கள் டிராஃபிக், பிளைண்ட் ஃபெய்த் போதும்.

விண்ட்சர்_வாசல்:
நான் இழுத்து வருவேன். ‘ஆர்க் ஆஃப் எ டைவர்’ ஆல்பம் 1980 கடைசியில் வந்தது. க்ளாஸ்டர்ஷயரில் சொந்த ஸ்டுடியோவில் உட்கார்ந்து எல்லா வாத்தியத்தையும் அவரே வாசித்தார். அதைப் பளபளப்பு என்று ஒதுக்கினால் எப்படி? அவருடைய ‘ஹையர் லவ்’ பாட்டு கிராமி வாங்கியதும் சும்மா இல்லை.
என் அனுபவம் டிவியில்தான், மன்னிக்கவும். 2023 மே 7, சார்ல்ஸ் மன்னரின் முடிசூட்டு விழாக் கச்சேரி. 75 வயது ஆக இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, மனிதர் விண்ட்சரில் ‘ஹையர் லவ்’ பாடுகிறார். கண் கலங்கிப் போய் உட்கார்ந்திருக்கிறேன். மகள் எட்டிப் பார்த்துவிட்டு, “இந்தத் தாத்தா ஏன்பா விட்னி ஹூஸ்டன் பாட்டைப் பாடுறார்?” என்றாள். விட்னி குரலை வைத்து கைகோ என்ற டிஜே 2019ல் செய்த ரீமிக்ஸ் வேலை! அன்று அவளுக்கு நான் எடுத்த வகுப்பு கச்சேரியைவிட நீளம். இன்னும் நம்பவில்லை.

டோன்வீல்:
ஒருமுறை அவர் கச்சேரி முடிந்து ஆர்கனை வண்டியில் ஏற்றுவதைத் தூரத்தில் நின்று பார்த்தேன். அவ்வளவுதான்.
ஆனால் ஒன்று சொல்லவேண்டும். இதைப் படித்துவிட்டு பழைய ஹாமண்ட் வாங்கக் கிளம்பாதீர்கள். பி-3 மாடல் பெஞ்ச், பெடலோடு 180 கிலோவைத் தாண்டும். மாடிவீடு என்றால் மறந்துவிடுங்கள். சி-3 மாடல் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள், உள்ளே அதே இயந்திரம், பெட்டிதான் வேறு. அமெரிக்காவிலிருந்து வந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், பிரிட்டனில் 50. உள்ளே மோட்டார் அந்தக் கணக்கில்தான் சுழலும், அதனால் மாற்றாமல் செருகினால் சுருதி ஒன்றரைக் கட்டை இறங்கிவிடும். வோல்டேஜுக்கு டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் இது தீராது. வருடம் ஒருமுறை எண்ணெய் விடவேண்டும், சமையல் எண்ணெய் அல்ல, அதற்கென்றே விற்பது. லெஸ்லி என்ற சுழல் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் அந்தச் சுழலும் சத்தம் வராது, அதற்குத் தனிச் செலவு. பெடல் 25 இருக்கும், மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூவில் பழகுங்கள்.

மேடையோரம்:
ஐயா, நான் வாங்கப் போவதில்லை. வீடு மூன்றாவது மாடி.
ஷூ என்றதும்தான் நினைவு வந்தது. அன்று அவர் என்ன ஷூ போட்டிருந்தார்? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. பாதி நிகழ்ச்சி பேஸ் ஆளைத் தேடியே போய்விட்டது, மீதிப் பாதி பக்கத்து சீட்டுக்காரரிடம் அதிசயப்பட்டே போய்விட்டது. யாராவது கவனித்தீர்களா?