புதுப்பிப்பு: ஆன்டிபயாடிக்கோடு புரோபயாடிக்

ஆன்டிபயாடிக் ஆரம்பித்ததும் வயிற்றுப்போக்கு, புரோபயாடிக் (வயிற்றுக்கு நல்லது என்று எடுக்கும் உயிருள்ள நுண்ணுயிர்கள்) எடுக்கலாமா என்று கேட்டிருந்தேன். இப்போது வயிறு அடங்கிவிட்டது. மருத்துவர் எழுதித் தந்தது சாக்கரோமைசிஸ் பௌலார்டி. இது பாக்டீரியா இல்லை, ஈஸ்ட், அதாவது ஒரு வகைப் பூஞ்சை. அதனால் பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் இதைக் கொல்லாது. லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியா வகை என்றால் அதற்கும் ஆன்டிபயாடிக்குக்கும் நடுவே 2 மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்வார்கள். பொடியைச் சூடான தண்ணீரில் மட்டும் கலக்காதீர்கள், செத்துப்போகும். இதனால்தான் சரியானதா, தானாகவே அடங்கியதா? சத்தியமாகச் சொல்ல முடியாது.

டப்பாவில் இத்தனை கோடி நுண்ணுயிர்கள் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். எந்த ஸ்ட்ரெயின் (நுண்ணுயிரின் குறிப்பிட்ட உள்வகை) என்று பாருங்கள்.

அப்புறம், கீமோதெரபியில் இருக்கும் அப்பாவுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டவருக்கு: எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இந்த உயிருள்ள கிருமிகளே அரிதாக ரத்தத்தில் தொற்றாகிவிடலாம். அவருடைய மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.