மறு: கயாக்குக்குத் தமிழ்ச்சொல்: ‘துடுப்புப் படகு’ போதாது

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். கயாக் என்ற ஒடுங்கிய சிறுபடகுக்குத் தமிழ்ச்சொல் வேண்டும் என்று நான்கு நாளாக நடக்கும் பேச்சை முழுவதும் படித்தேன். கயாக்கில் தூண்டில் போடப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் எழுதும் கையேட்டுக்கும் இந்தச் சொற்கள் வேண்டும். ‘துடுப்புப் படகு’ என்றே வைத்துக்கொள்ளலாம், எல்லோருக்கும் புரியும் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணம் வீட்டில் நடந்த ஒன்று. அதிலிருந்தே தொடங்குகிறேன், கொஞ்சம் நீளும்.

போன வருடம் என் அக்கா மகன் ஒரு கயாக் வாங்கினான். ஏரியில் தூண்டில் போட்டுப் பழகியவன், அப்புறம் கடலுக்கும் போகலாம் என்று ஆசை. விற்றவர்கள் கொடுத்த தமிழ்த் துண்டுத்தாளில் ‘மீன்பிடிக்க ஏற்ற துடுப்புப் படகு’ என்று மட்டும் இருந்தது. ஏரியில் நன்றாகத்தான் ஓடியது. தாழங்குடாவில் பெண்ணையாறு கடலில் சேருகிற இடத்தில் இறக்கினான். இரண்டாவது அலை நேராக அவன் உட்கார்ந்திருந்த குழிக்குள் விழுந்தது. குழிக்குள் நூறு லிட்டர் தண்ணீர் புகுந்தால் நூறு கிலோ. அதுவும் ஓரிடத்தில் நிற்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற எடை. கவிழ்ந்துவிட்டது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் மிதந்தான். ஃபைபர் போட்டில் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் தூக்கிக் கரை சேர்த்தார்கள். அந்தக் கயாக்கில் ஒரு குறையும் இல்லை. அது அலையில்லாத தண்ணீருக்கு என்று செய்தது. அதைச் சொல்ல அந்தத் தாளில் ஒரு தமிழ்ச்சொல் இல்லை, அவ்வளவுதான்.

கயாக்கில் அடிப்படையில் இரண்டு வகை. ஒன்றில், ஆள் படகின் வயிற்றுக்குள் கால் நீட்டி உட்காருகிறார். தண்ணீரை வெளியிலேயே நிறுத்துவதுதான் அதன் முழு உத்தி. உள்ளே வந்துவிட்டால் இறைத்துத்தான் ஆகவேண்டும். இன்னொன்றில், மேல்தளத்தில் ஒரு பள்ளம், அதில் உட்கார்ந்துகொள்கிறோம். படகின் உடல் முழுக்க மூடிய கூடு. தளத்திலிருந்து அடிவரை ஊடுருவிப் போகும் துளைகள் உண்டு, ஏறிய அலை அவற்றின் வழியே இறங்கிவிடும். ஏரியில் இரண்டும் ஒன்றுபோலத்தான் ஓடும். வித்தியாசம் அலையில் தெரியும்.

ஆகவே என் முன்மொழிவு: முதலாவது ‘உள்ளமர் கயாக்’, இரண்டாவது ‘மேலமர் கயாக்’, அந்தத் துளைக்கு ‘வடிதுளை’. ‘வடிகால் துளை’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். வடிகால் என்றாலே நமக்குத் தெருச் சாக்கடை நினைவு வருகிறது, நீளமும் கூட. வடிதுளை ஒரே மூச்சில் வந்துவிடுகிறது.

‘கயாக்’ அப்படியே இருக்கட்டும் என்று நான் சொல்வது சோம்பலால் அல்ல. அது ஆர்க்டிக் கரையில் வாழும் இனூயிட் மக்களின் சொல். சீல் தோலை மரச்சட்டத்தின் மேல் இழுத்துத் தைத்து, ஓட்டுபவரின் உடல் அளவுக்கே செய்த வேட்டைப் படகு. கிரீன்லாந்தில் தோல் அங்கியின் கீழ்விளிம்பை உட்காரும் குழியின் வளையத்தோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள். தலைகீழாகக் கவிழ்ந்தாலும் உள்ளே தண்ணீர் போகாது, அப்படியே உருண்டு நிமிர்ந்துவிடலாம். அந்தக் குளிரில் தண்ணீர் மேலே பட்டாலே ஆபத்து. ஒரு மக்கள் தங்கள் கடலுக்கு என்று கண்டுபிடித்ததை அவர்கள் வைத்த பெயரிலேயே அழைப்பது மரியாதை. ‘க்’ என்று முடிவதை மாற்றிக் ‘கயாக்கு’ என்று எழுதவேண்டும் என்றார் ஒருவர். இலக்கணப்படி சரிதான். ஆனால் கயாக்கை, கயாக்கில், கயாக்குக்கு என்று வேற்றுமை உருபு சேரும்போது அது தானாகவே வந்துவிடுகிறது. எழுவாயில் மட்டும் கயாக் என்று நிற்பதில் எனக்குச் சிக்கல் தெரியவில்லை.

மேலமர் கயாக்கின் கதை வேறு. 1970-களில் கலிஃபோர்னியாவில், அலைச்சறுக்குப் பலகையை ஒட்டி உருவானது அது. பெயர் கயாக் என்றாலும், தண்ணீரோடு அது நடந்துகொள்ளும் விதம் நம்முடைய கட்டுமரத்துக்குத்தான் நெருக்கம். கட்டுமரத்தில் தண்ணீரைத் தடுக்கும் எண்ணமே கிடையாது. அலை மேலே ஏறும், கட்டைகளின் இடுக்கு வழியே இறங்கும். லேசான மரம் என்பதால் மூழ்காது. கரைக்கு வந்ததும் கட்டுகளை அவிழ்த்துக் காயவைப்பார்கள். தேவனாம்பட்டினத்தில் நாங்கள் ஒரு மேலமர் கயாக்கைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது, இளவயதில் மரம் (கரையில் கட்டுமரத்தை அப்படித்தான் சொல்வார்கள்) ஏறிக் கடலுக்குப் போன பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். “தண்ணி இது வழியா எறங்கிப் போயிடுமா? அப்ப இதுவும் மரந்தான் தம்பி” என்றார். இந்தப் படகைப் பற்றி இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

அப்படியானால் கட்டுமரம் என்றே சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு அநியாயம் நடந்திருக்கிறது. சோழமண்டலக் கரையில் ஆங்கில மாலுமிகள் கேட்டு எழுதிக்கொண்டுபோன சொல் 17-ஆம் நூற்றாண்டிலேயே அவர்கள் மொழியில் ஏறிவிட்டது. 1876-இல் நியூயார்க் படகுப் பந்தயத்தில் ஹெர்ரெஷாஃப் என்பவர் இரண்டு உடல்களை இணைத்த பாய்ப்படகை ஓட்டினார். இன்று உலகம் முழுக்கக் கட்டமரான் என்றால் அப்படிப்பட்ட இரட்டையுடல் படகுதான். அதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை. நாமே போய், வார்ப்பில் உருகி வந்த ஒற்றைப் பிளாஸ்டிக் கூட்டுக்கு அந்தப் பெயரை வைத்தால் சொல்லில் மிச்சமிருக்கும் பொருளும் போய்விடும். கரையில் பேசும்போது மரம் என்று சொல்லட்டும், அது அவர்கள் உரிமை. கையேட்டில் வேண்டாம்.

நண்பர்கள் முன்வைத்த மற்ற சொற்கள் பற்றிச் சுருக்கமாக. ‘திமில்’ பழம்பாடல்களில் பரதவரின் மீன்பிடி கலம், அழகான சொல். ஆனால் இன்று யாரிடம் சொன்னாலும் காளையின் முதுகுதான் கண்ணுக்கு வரும். ‘பஃறி’ உப்பேற்றிப் போய் நெல்லோடு திரும்பிய படகு, சுமைக்கலம். ‘ஓடம்’ துறை கடக்க. ‘ஓராள் தோணி’ என்றால் இருவர் ஓட்டும் கயாக்கை என்ன செய்வது? தூத்துக்குடிப் பக்கம் தோணி என்பது பெரிய சரக்குக் கலம் வேறு. ‘நெகிழிச் சிறுகலம்’ தண்ணீர்க்குடத்துக்கும் பொருந்தும்.

துடுப்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கயாக் துடுப்பு ஒரே கோல், இரண்டு முனையிலும் அலகு, அதாவது தண்ணீரைத் தள்ளும் தட்டையான பகுதி. இதை ‘இரட்டைத் துடுப்பு’ என்று எழுதினால் இரண்டு துடுப்பு என்றுதான் படிப்பவர் நினைப்பார். ‘இருதலைத் துடுப்பு’ என்பது என் பரிந்துரை. படகின் முன்பக்கத்துக்குச் சொல் ஆக்கவே வேண்டாம், அணியம் என்று நம் கரையில் இருக்கிறது. மொழிபெயர்ப்புகளில் ‘முன்முனை’ என்று பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

அடுத்து, இந்தப் பொழுதுபோக்குக்கே பெயர். ‘கயாக் மீன்பிடிப்பு’ என்று எல்லோரும் எழுதுகிறோம். ஆனால் கடலூரில் மீன்பிடிக்கப் போகிறான் என்றால் முதலில் மனதில் வருவது வலை. இவர்கள் செய்வது தூண்டில் போடுவது. ‘கயாக் தூண்டில்’ என்றால் இரண்டே சொல்லில் முடிந்தது.

கையேட்டில் மூன்று தண்ணீராகப் பிரித்திருக்கிறேன்: ஏரி, கழி (கடல்நீர் ஏறி இறங்கும் உப்பங்கழி), கடல். ‘நன்னீர், உவர்நீர், கடல்நீர்’ பாடப்புத்தகத்துக்குப் பொருத்தம், ஆனால் புதிதாக வருகிறவருக்கு இடம்தான் முதலில் புரியும். ஏரியில் விரால், கெளுத்தி, ஜிலேபி. செடிக்குள் பதுங்கும் விராலைக் கரையிலிருந்து எட்ட முடியாது, கயாக்கில் சத்தமில்லாமல் பக்கத்தில் போகலாம். ஏரி மீன் குத்தகைக்கு விட்டிருந்தால் குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம், அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அடுத்தது கழி: உப்பனாறு, சுண்ணாம்பாறு. கொடுவா, செப்பிலி, மடவை கிடைக்கும் இடம். அலை இல்லை, ஆனால் ஏற்றவற்றம் உண்டு. வற்றும்போது முகத்துவாரத்தின் பக்கம் தண்ணீர் இழுப்பதைத் துடுப்பில் உணர்ந்து பழகுவதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ‘காயல்’ என்ற சொல்லை ஒருவர் முன்வைத்தார். அது தெற்கத்தி வழக்கு, எங்கள் பக்கம் கழிதான். கடைசியில் கடல்: சீலா, பாறை, வஞ்சிரம். சீலாவுக்கும் வஞ்சிரத்துக்கும் பல் கத்திபோல இருக்கும், தூண்டில் நரம்பை அறுத்துவிடும். முள்ளுக்கு முன்னால் ஒரு சாண் எஃகுக் கம்பி வேண்டும். கழியிலும் கடலிலும் இறங்கிய அன்று ரீலை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் உப்பு தின்றுவிடும்.

எனக்கு மிக முக்கியமான சொல் இது: கவிழ்ந்த கயாக்கில் தண்ணீருக்குள்ளிருந்தே திரும்ப ஏறுவது. ‘சுயமீட்பு’ என்றால் என்ன செய்யவேண்டும் என்று தெரிவதில்லை. ‘மீளேறல்’ என்றால் செயல் கண்ணுக்குத் தெரிகிறது. கயாக்கை நிமிர்த்து, பக்கவாட்டிலிருந்து காலை நன்றாக உதைத்துக்கொண்டு வயிறு தளத்தில் படுமாறு ஏறு, திரும்பி உட்கார், கடைசியாகக் காலை உள்ளே எடு. ஏரியில் நெஞ்சளவு தண்ணீரில் தொடங்கி, பிறகு கால் எட்டாத ஆழத்தில், யாரும் தொடாமல் பத்துமுறை மீளேறாதவர் கழிக்குப் போகக் கூடாது என்று எழுதியிருக்கிறேன். இந்த வரியைத் தயவுசெய்து யாரும் மென்மையாக்க வேண்டாம்.

காற்றுக்கும் சொல் தேவை. ‘கரைக்காற்று’ என்கிறார்கள். கரையிலிருந்து அடிப்பதா, கரைக்கு அடிப்பதா? நம் கரையில் ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று ஓங்கி அடிக்கும்போது கரையோரம் கடல் குளம்போலத் தெரியும். அதை நம்பி இறங்கினால் திரும்பும்போதுதான் காற்று முகத்தில் அடிக்கிறது என்று தெரியும். ‘வெளித்தள்ளும் காற்று’ என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டேன். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் கழியிலும் இறங்கவேண்டாம் என்பதற்குப் புதுச்சொல் எதுவும் தேவையில்லை.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
கடலூரிலிருந்து

*

நண்பர்களே, மறுநாள் எழுதுகிறேன்.

‘மேலமர்’ என்பதைப் பேச்சில் யார் சொல்வார்கள் என்ற கேள்வி நியாயமானது. நேற்று மாலை அக்கா மகனிடமும் அவன் நண்பர்களிடமும் சொல்லிப் பார்த்தேன். ‘உள்ளமர்’ உடனே பிடித்துக்கொண்டார்கள், ‘மேலமர்’ இரண்டாவது முறையில் வந்துவிட்டது. ஜோடியாகச் சொன்னால் நிற்கிறது, தனியாகச் சொன்னால் தடுமாறுகிறது. எனவே கையேட்டில் இரண்டையும் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் படத்தோடு போடுகிறேன்.

‘இருதலை’ என்றால் இருதலைப் பாம்பு நினைவு வருகிறது என்றார் ஒருவர். வரட்டும், இரண்டு பக்கமும் தலை என்ற உருவம்தானே வேண்டும். ‘இருமுனை’ என்றால் கோலுக்கு எப்போதும் இரண்டு முனைதான், அலகைச் சொன்னதாகாது.

ஒரு சொல் மட்டும் இன்னும் அமையவில்லை. கரையோரம் அலை எழுந்து உடைகிற பட்டை. கடலுக்குள் இருப்பதைவிட, போகும்போதும் வரும்போதும் இதைத் தாண்டுவதில்தான் கயாக் அதிகம் கவிழ்கிறது. ‘உடையலைப் பகுதி’ என்று எழுதி அடித்துவிட்டேன். திருச்செந்தூருக்கு ‘அலைவாய்’ என்று பழைய பெயர் உண்டு. அந்தச் சொல்லை இங்கே எடுத்துக்கொள்ளலாமா? ‘அலைவாய் தாண்டுதல்’ என்று தலைப்புப் போட்டால் கேட்பதற்கும் நன்றாக இருக்கிறது. ஆனால் கடலில் போகிறவர்கள் இதற்கு அன்றாடம் ஒரு சொல் வைத்திருந்தால் அதுதான் முதலில் வரவேண்டும். வீராம்பட்டினம், சோனாங்குப்பம் பக்கம் உறவுக்காரர்கள் இருப்பவர்கள் கேட்டுச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன், அதுவரை அந்தப் பக்கத்தின் தலைப்பை வெற்றாக விட்டு வைத்திருக்கிறேன்.