பேக்நியூ கோப்பு வந்தால் என்ன செய்கிறீர்கள்? அடிபட்ட அனுபவங்களைச் சொல்லுங்கள்

ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு வந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. இத்தனை நாளில் என் லேப்டாப் இரண்டே தடவைதான் பெரிதாக மக்கர் பண்ணியிருக்கிறது. இரண்டுக்குமே அப்டேட்டைக் குறை சொல்ல முடியாது. அப்டேட் முடிந்ததும், கான்ஃபிக் (அமைப்பு) கோப்புகள் இருக்கும் இடிசி ஃபோல்டரில் வந்து உட்காரும் பேக்நியூ கோப்பை ஒருமுறை படிக்காமல் எடுத்துப் போட்டேன், இன்னொருமுறை பயந்துபோய்த் தொடாமலே விட்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு ராத்திரித் தூக்கமாவது மிஞ்சட்டும் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில், பேக்நியூ ஏன் வருகிறது? கான்ஃபிக் கோப்பு என்றால், மென்பொருள் பேக்கேஜ்களை நிறுவி அப்டேட் செய்யும் கருவியான பேக்மேன் மூன்று பிரதிகளை ஒப்பிட்டுப் பார்க்கும்: பழைய பேக்கேஜோடு வந்த அசல், இப்போது டிஸ்க்கில் இருப்பது, புதுப் பேக்கேஜ் கொண்டுவருவது. நீங்கள் கை வைக்கவே இல்லை என்றால் புதியதை நேராகப் போட்டுவிடும். நீங்கள் மாற்றியிருந்து, பேக்கேஜ் பக்கம் எதுவும் மாறவில்லை என்றால் உங்களுடையதை அப்படியே விட்டுவிடும். இரண்டு பக்கமும் வெவ்வேறு விதமாக மாறியிருந்தால்தான் உங்கள் கோப்பைத் தொடாமல், புதியதை பேக்நியூ என்ற வால் சேர்த்துப் பக்கத்தில் வைக்கும். அதாவது ஒரு பேக்நியூ வந்திருக்கிறது என்றாலே, நீங்கள் முன்பு எடுத்த முடிவு ஒன்று அங்கே இருக்கிறது, பேக்கேஜ் செய்தவர்களுக்கும் புதிதாகச் சொல்ல ஏதோ இருக்கிறது. இதை முன்பே உணர்ந்திருந்தால் நான் அப்படிச் செய்திருக்க மாட்டேன்.

2024-இல், கணினி தொடங்கத் தேவையான பூட் இமேஜைக் கட்டும் கருவியான எம்கேஇனிட்சிபியோவின் 38-ஆம் பதிப்பு வந்தது. அதோடு மைக்ரோகோட் என்ற புது ஹூக்கும், அதாவது இமேஜில் ஒரு வேலையைச் சேர்க்கும் சொல்லும், வந்தது. அதற்கான பேக்நியூ விழுந்தது, புதியது நல்லதுதானே என்று பழையதை எடுத்துவிட்டு அதைப் போட்டேன். என் டிஸ்க் முழுக்க என்கிரிப்ட் செய்தது, அதற்காக ஹூக்ஸ் வரியில் பிளாக்குக்கும் ஃபைல்சிஸ்டம்ஸுக்கும் நடுவே என்கிரிப்ட் என்ற ஒரு சொல்லை நிறுவிய அன்றே சேர்த்திருந்தேன். பேக்நியூவில் அது இருக்காது, இருக்கவும் முடியாது, அது பொதுவான கோப்பு. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் இதில் மோசம், ஏனென்றால் கான்ஃபிக்கை மாற்றினால் மட்டும் பூட் இமேஜ் மாறிவிடாது, அடுத்த தடவை கட்டும்போதுதான் மாறும். இரண்டு நாள் கழித்து கர்னல் அப்டேட் வந்தது, ரீபூட் செய்தேன். கடவுச்சொல் கேட்கும் அந்த வரி வரவே இல்லை. சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி ஷெல்லில் போய் நின்றுவிட்டது. டிஸ்க்கே போய்விட்டது என்றுதான் நினைத்தேன், கை நடுங்கிவிட்டது. லைவ் யுஎஸ்பியில் ஏறி, டிஸ்க்கைத் திறந்து, ரூட்டையும் பூட்டையும் மவுண்ட் செய்து, ஆர்ச்-சிரூட் கட்டளையால் நிறுவிய சிஸ்டத்துக்குள் போய், அந்த ஒரு சொல்லை மறுபடி சேர்த்து இமேஜைக் கட்டினேன். பத்து நிமிட வேலைதான், ஆனால் காரணம் என்ன என்று கண்டுபிடிக்கவே விடியற்காலை மூன்று மணி ஆனது.

அதற்கப்புறம் பேக்நியூ என்றாலே பயம், எது வந்தாலும் கண்டுகொள்வதில்லை. அப்படிக் கிடந்தவற்றில் பேக்மேனுடைய சொந்த கான்ஃபிக்கும் ஒன்று. ஸ்டீம் என்ற கேம் செயலிக்காக மல்டிலிப் என்ற ரெப்போவை, அதாவது பேக்கேஜ் கிடங்கை, திறந்திருந்தேன், ஒரே நேரத்தில் பத்து டவுன்லோட் ஓடட்டும் என்று எண்ணை ஏற்றியிருந்தேன், அதனால் எப்படியும் அதற்கு பேக்நியூ விழும். 2023 மே மாதம் கம்யூனிட்டி ரெப்போவை எக்ஸ்ட்ராவோடு சேர்த்துவிட்டார்கள், புது கான்ஃபிக்கில் கம்யூனிட்டி பகுதி கிடையாது. என்னைப் போல மாற்றாதவர்களுக்கு எதுவும் உடைந்துவிடக் கூடாதே என்று பழைய ரெப்போவைக் காலியாக விட்டு வைத்திருந்தார்கள், கிட்டத்தட்ட இரண்டு வருடம். 2025 மார்ச் 1 அன்று அதை எடுத்துவிடப் போவதாக முன்கூட்டியே அறிவிப்பும் போட்டார்கள், நான் பார்க்கவில்லை. மார்ச்சில் அப்டேட் கொடுத்தால் கோர் வருகிறது, எக்ஸ்ட்ரா வருகிறது, கம்யூனிட்டியில் 404 என்று நின்றுவிடுகிறது. மிரர்தான், அதாவது ரெப்போவின் நகல் இருக்கும் சர்வர்தான், கெட்டுவிட்டது என்று ஒரு மணி நேரம் மிரர் மிரராக மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் பேக்நியூவையும் என் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கம்யூனிட்டி என்ற தலைப்பும் அதன் கீழே ஒரு இன்க்ளூட் வரியும், அவ்வளவுதான். அதே கோப்பில் டவுன்லோட் யூசர் என்று இன்னொரு புது வரியும் இருந்தது. 2024 செப்டம்பரில் ஆர்ச்சுக்கு வந்த பேக்மேன் 7.0, டவுன்லோடு வேலையை முழு அதிகாரம் உள்ள ரூட் யூசரிடம் விடாமல் ஏஎல்பிஎம் என்ற தனி யூசரிடம் கொடுக்கிறது. பாதுகாப்புக்கு நல்ல மாற்றம், ஆறு மாதமாக எனக்குத் தெரியவே தெரியாது.

இப்போது அப்டேட் முடிந்ததும் அங்கேயே பேக்டிஃப் ஓட்டுகிறேன், பேக்மேன்-கான்ட்ரிப் பேக்கேஜில் இருக்கிறது. ஒவ்வொரு கோப்பாகக் காட்டும், விம் எடிட்டரில் இரண்டையும் அருகருகே திறக்கும், வேண்டிய வரியை மட்டும் இழுத்துக்கொண்டு பேக்நியூவை நீக்கிவிடலாம். இரண்டு இடத்தில் மட்டும் கவனம். பாஸ்வேர்டு, ஷேடோ, குரூப் கோப்புகளுக்கு பேக்நியூ வந்தால் அதை எடுத்துப் போடவே போடாதீர்கள், அதில் உங்கள் யூசர் இருக்காது. மிரர்லிஸ்ட்டின் பேக்நியூவில் எல்லா சர்வரும் ஹாஷ் குறிக்குப் பின்னால்தான், அதாவது செயல்படாமல்தான், இருக்கும், அப்படியே போட்டால் ஒரு சர்வர்கூட இல்லை என்று பேக்மேன் நின்றுவிடும்.

பதில்:

அண்ணா, நான் டெபியன் லினக்ஸ் ஆள். எங்களுக்கு இது வேறு மாதிரி, அப்டேட் நடுவிலேயே நிறுத்தி உன்னுடையதா, புதியதா என்று கேட்கும். சும்மா என்டர் தட்டினால் உன்னுடையதுதான் இருக்கும், ஆனால் நான் அன்று சும்மா தட்டவில்லை. ஒரு வாடிக்கையாளருடைய சர்வரை எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பு வழியாகப் புது வெளியீட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். எஸ்எஸ்ஹெச்சுடைய கான்ஃபிக்குக்கே கேள்வி வந்தது, புதியதைக் கொடுத்துவிட்டேன். போர்ட் எண்ணை நாங்கள் மாற்றி வைத்திருந்தோம், ஃபயர்வாலில் அந்த எண் மட்டும்தான் திறந்திருக்கும். புது கோப்பு வந்ததும் சர்வீஸ் வழக்கமான 22-க்குத் திரும்பிவிட்டது. திறந்திருந்த இணைப்பு அறுபடவில்லை என்பதால் எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்து வெளியே வந்துவிட்டேன், அப்புறம் உள்ளே போகவே முடியவில்லை. ஹோஸ்டிங் கன்சோலுக்கு அனுமதி வாங்குவதற்குள் பாதி நாள் போய், அவர்கள் கடை பில்லிங் நின்று, நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது மெயின் கோப்பில் கையே வைப்பதில்லை. டெபியன் 11 முதல் அந்தக் கோப்பின் தலையிலேயே ஒரு இன்க்ளூட் வரி இருக்கிறது, பக்கத்து ஃபோல்டரில் நாம் போடும் சின்னக் கோப்புகளை முதலில் படிக்கும். எஸ்எஸ்ஹெச்சில் பெரும்பாலும் முதலில் படித்த மதிப்புதான் செல்லும், அதனால் நம்முடையது ஜெயித்துவிடும். மெயின் கோப்பு மாறாததால் அந்தக் கேள்வியும் வருவதில்லை. இன்னொன்று, எஸ்எஸ்ஹெச்சைத் தொட்டால் பழைய இணைப்பை மூடாமல் இன்னொரு டெர்மினலில் புதிதாக உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

பதில்:

ஃபெடோரா லினக்ஸில் இரண்டு வால் உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆர்பிஎம்நியூ என்றால் உங்கள் கோப்பு ஓடுகிறது, புதியது பக்கத்தில் காத்திருக்கிறது. அப்டேட்டில் ஆர்பிஎம்சேவ் வந்தால் நேர் எதிர், புதியது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, உங்களுடையது ஓரமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. நான் தேடிப் பார்க்கும்போது ஆர்பிஎம்சேவைத்தான் முதலில் தேடுவேன். ஆர்பிஎம்கான்ஃப் ஓட்டினால் இரண்டையும் வரிசையாகக் கேட்கும்.

பதில்:

அண்ணா, நீங்கள் எழுதியதைப் பார்த்து இப்போதுதான் டவுன்லோட் யூசர் வரியைச் சேர்த்தேன். உடனே என் லோக்கல் ரெப்போவைத் திறக்க முடியவில்லை என்று எரர். ஹோம் ஃபோல்டருக்குள் வைத்திருக்கிறேன். வரியை எடுத்துவிடட்டுமா?

முதல் பதிவிட்டவர்:

எடுக்காதே தம்பி. ஏஎல்பிஎம் யூசரால் உன் ஹோமுக்குள் நுழைய முடியவில்லை, அது 700 அனுமதியில், அதாவது உனக்கு மட்டும் திறந்து, இருக்கும், அப்படியே இருப்பதுதான் நல்லதும்கூட. ரெப்போவை எஸ்ஆர்வி ஃபோல்டருக்குக் கீழே நகர்த்து, கோப்புகளையும் ஃபோல்டரையும் ஏஎல்பிஎம் குரூப்புக்குக் கொடு, ஃபோல்டர்களுக்கு எக்ஸிக்யூட் பிட் (உள்ளே நுழையும் அனுமதி) இருக்கிறதா பார். கான்ஃபிக்கில் சர்வர் வரியில் பாதையை மாற்ற மறந்துவிடாதே.

பதில்:

நகர்த்திவிட்டேன் அண்ணா, வந்துவிட்டது. பேக்டிஃப் இன்னும் நாலு கோப்பு காட்டுகிறது, அதில் ஒன்று எம்கேஇனிட்சிபியோ. என் டிஸ்க்கும் என்கிரிப்ட் செய்ததுதான், அதைப் படித்துவிட்டு வருகிறேன்.