வெள்ளி இரவு ஏறினால் ஞாயிறு விடிகாலை

குழு: ஈசூன் குடும்பம், சிங்கப்பூர்

செல்வி அத்தை: மருமகளுக்கு செப்டம்பரில் பிரசவம். நியூயார்க்குக்கு டிக்கெட் எடுக்கணும். நேரே போகிற விமானம் நல்லதா, பிராங்ஃபர்ட்டில் நின்று போவதா?

கார்த்தி: நேரே போனால் சுமார் 15,300 கிலோமீட்டர், பதினெட்டரை மணி நேரத்துக்கும் மேலே. பிராங்ஃபர்ட் வழியே கிட்டத்தட்ட 16,500. நிற்கிற நேரத்தையும் சேர்த்தால் ஒரு முழு நாள் ஓடிவிடும் அத்தை.

செல்வி அத்தை: சென்னைக்கு நாலு மணி நேரம் உட்கார்ந்தாலே என் கால் பூசணிக்காய் ஆகிவிடுகிறது!

தீபா: நேரே போகிற விமானத்தில் சாதாரண எகானமியே கிடையாது அத்தை, பிரீமியம் எகானமியில் இருந்துதான் ஆரம்பம். காலை நீட்டலாம், விலையும் நீளம்தான்.

பெரியப்பா: உலக உருண்டையில் நூல் பிடித்துப் பாருங்கள். நாம் கிழக்கே 104 பாகை, நியூயார்க் மேற்கே 74. கூட்டினால் 178. அதாவது உருண்டைக்கு அந்தப் பக்கம். குறுக்கு வழி வட துருவத்தை ஒட்டித்தான். இங்கிருந்து துருவத்துக்கு 89 பாகை, அங்கிருந்து இறங்க 49. பாகைக்கு 111 கிலோமீட்டர். கூட்டிப் பெருக்கிக்கொள்.

கார்த்தி: சரியாக வருகிறது பெரியப்பா. ஆனால் விமானம் அந்த நூலிலேயே போகாது. மேலே மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று. அது தள்ளிவிடுகிற வழி பார்த்து, பல நாள் பசிபிக்கைத் தாண்டிப் போவார்கள்.

செல்வி அத்தை: காற்று இருக்கட்டும்டா. திரும்புகிற கணக்கைச் சொல். அக்டோபரில் புரட்டாசி கடைசி சனிக்கு நான் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் இருக்கணும். வெள்ளி ராத்திரி 10 மணிக்கு ஏறினால் போதும்தானே?

கார்த்தி: போதாது. அக்டோபரில் 12 மணி நேர வித்தியாசம். அங்கே வெள்ளி இரவு 10 என்றால் இங்கே சனி காலை 10. அதோடு ஒரு 19 மணி நேரத்தைக் கூட்டுங்கள். ஞாயிறு விடிகாலை 5.

செல்வி அத்தை: அப்போ என் சனிக்கிழமை?

தீபா: ஆகாயத்திலேயே போச்சு 😄

பெரியப்பா: போகும்போது மத்தியானம் 12க்கு ஏறினால் அதே நாள் சாயங்காலம் இறங்கிடலாம் செல்வி. அந்த லாபத்தை வரும்போது வட்டியோடு பிடுங்கிக்கொள்வான்.

செல்வி அத்தை: சரி அண்ணா, வியாழன் ராத்திரியே ஏறிடறேன்.

கார்த்தி: அப்படியானால் சனி விடிகாலை சாங்கி விமான நிலையத்தில் இறங்கிடலாம். குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகலாம். நவம்பருக்குத் தள்ளினால் கணக்கு மாறும், மாத ஆரம்பத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள்.

செல்வி அத்தை: நவம்பரில் ஏதுடா புரட்டாசி?

தீபா: விமானத்தில் அப்பப்போ எழுந்து நடங்கள் அத்தை, தண்ணீர் நிறையக் குடியுங்கள். கால் வீங்கும் என்றால் இறுக்கமான காலுறை போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சைவச் சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லணும், டிக்கெட் எடுக்கும்போதே பதிந்துவிடுகிறேன். பாஸ்போர்ட் படத்தை எனக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் போடாதீர்கள்.