சொந்தமா ஒரு மொழி கட்டத் தொடங்கின ஆக்களைக் கண்ட அனுபவம்

கல்லடியில இருந்து:

ஏஎல் (உயர்தர) சோதினை எழுதிப்போட்டு வீட்டில நிண்ட அக்காட மகள், "மாமா, நான் புது மொழி ஒண்டு செய்யிறன்" எண்டு சிஆர் கொப்பியோட வந்தாள். கொப்பி நிறையச் சொற்கள். தோணிக்கு ஒண்டு, இறாலுக்கு ஒண்டு. "தம்பி நேத்து தோணியில போனான், இதைச் சொல்லு மகள்" எண்டன். தமிழ் வசனம் அப்படியே இருக்க, சொல் மட்டும் மாறி வந்தது. உருபும் காலமும் எல்லாம் நம்மடதான். சின்னப் பிள்ளைகள் எழுத்துக்கு முன்னால 'க' போட்டுக் கதைக்கிற மாதிரி அது ஒரு மறைப்பு, மொழி இல்ல.

கொப்பியை மூடி வெச்சிப்போட்டு ஒலியில தொடங்கினம். எது இருக்கும், எது இருக்காது, எது சொல்லுக்கு முதல்ல வரலாம். டோக்கி போனா எண்ட செயற்கை மொழிக்கு மெய் 9, உயிர் 5 மட்டும். 2001இல சோன்யா லாங் வெளியிட்ட மொழி, ஏறக்குறைய 120 சொல்லோட ஆக்கள் கதைக்கிறாங்க. அதைக் கேட்ட பிறகு சொல்லுத் தேடுற அவசரம் அவளுக்கு அடங்கிற்று.

மறுகாதான் இலக்கணம். துருக்கி மொழியில கண்டதுக்கு ஒரு இறந்தகால விகுதி, கேள்விப்பட்டதுக்கு வேற. நாங்களும் 'வந்தான்', 'வந்தானாம்' எண்டுதானே சொல்றம்! அவள் மூண்டு விகுதி வெச்சாள்: தானே அறிஞ்சதுக்கு 'ரே', பிறர் சொன்னதுக்கு 'சு', அடையாளத்தைப் பார்த்து ஊகிச்சதுக்கு 'நோ'. மட்டக்களப்பு வாவியில மீன் பாடுது எண்ட வசனத்தில சோதிச்சம். என்ட அப்பா பௌர்ணமி இரவில பாலத்தடியில துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு, மற்ற நுனியைக் காதில வெச்சிக் கேட்டவர். அவர் 'லோமு தியாரே' எண்டு சொல்லலாம். கேட்காத அவள் 'லோமு தியாசு' எண்டுதான் சொல்லவேணும். மற்ற எழுத்து ஒண்டும் மாத்தாம ஒரு விகுதியில ஆளுக்கு ஆள் வசனம் வேறாகுது. நூறு சொல் சேர்க்கிறதை விட இப்படி ஒரு விகுதி யோசிக்கிறதுதான் மொழி கட்டுற வேலை எண்டு நான் நம்புறன்.

அக்கரைப்பற்றில இருந்து:

எங்கட மகனுக்கும் இதே பைத்தியம். இங்கிலீஷ் சொற்பட்டியல் ஒண்டைப் பார்த்து நிரப்பிக்கொண்டு வந்தவன், உடன்பிறந்த ஆணுக்கு ஒரே சொல் வெச்சிருந்தான். அவன்ட உம்மா கேட்டா, "நானாவா தம்பியா? மாமாட மகனுக்கும் இதேதானா?" அவன் அந்தப் பக்கத்தையே கிழிச்சிட்டு உறவுமுறையைத் திரும்பக் கட்டினான். நம்ம பக்கத்தில குடி தாய்வழியா வாறதைப் போல, அவன்ட கற்பனைச் சனத்திலயும் தாய்வழி உறவுக்கு ஒரு முன்னொட்டு. அது இல்லாத பேர் எல்லாம் வாப்பா பக்கம். எஸ்பெராண்டோ எண்ட செயற்கை மொழியில 'மால்' எண்ட முன்னொட்டு எதிர்ச்சொல் ஆக்கும், 'போனா' நல்ல, 'மால்போனா' கெட்ட. 1887இலேயே அதைக் கட்டின ஸாமென்ஹோப் அந்த வழியைக் காட்டியிருக்கார், பாதிச் சொல் ஆக்கிற வேலை மிச்சம்.

இப்ப எண்ணில நிக்கிறான். 'அவதார்' படத்து நாவி மொழிக்கு அதைக் கட்டின போல் ஃப்ரோமர் எட்டடிமானம் (பத்துக்குப் பதிலா எட்டெட்டா எண்ணுற முறை) வெச்ச மாதிரி தானும் வைக்கப்போறானாம். எட்டில எண்ணிப் பழகின ஆக்கள் யாராவது இருந்தா எழுதுங்க, அவனுக்குக் காட்டவேணும்.