மறு: வெற்றிடப் பையிடல் – வேறு சொல் வேண்டும்

குழு நண்பர்களுக்கு வணக்கம். பைபர் படகின் பழுதில் ரெசின் (இழையை இறுக்கிப் பிடிக்கும் பிசின்) நனைத்த துணியை ஒட்டி, மேலே தாளால் மூடி, பம்பால் உள்ளே இருக்கும் காற்றை இழுத்து இறுக வைக்கும் 'vacuum bagging' முறைக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோமல்லவா, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

> 'வெற்றிடப் பையிடல்' என்றே வைத்துக்கொள்வோம். மூலச் சொல்லுக்கு நேராக இருக்கிறது.

நேராக இருப்பதுதான் எனக்கு இடிக்கிறது, ஐயா. பைபர் படகு ஒட்டுகிற இடத்தில் நின்று பார்த்தால் இந்தச் சொல்லின் இரண்டு பாதியும் பொருந்தவில்லை.

முதலில் 'பை'. கரையில் இழுத்து ஏற்றுகிற பைபர் படகுக்கு அடிப்பாகம் மணலில் உரசி உரசியே தேயும். அந்த இடத்தை ஒட்ட யாரும் படகைப் பைக்குள் போடுவதில்லை. பழுதின் மேல் ஒரு மெல்லிய நைலான் தாளை விரித்து, அதன் ஓரத்தைச் சுற்றிலும் சூயிங்கம் மாதிரி இழுபடும் பியூட்டைல் நாடாவால் படகின் உடம்போடு ஒட்டிவிடுகிறார்கள். ஒரு பக்கம் தாள், மறுபக்கம் படகேதான். சுக்கான் பலகை போன்ற சின்ன உருப்படியை வேண்டுமானால் முழுசாக உள்ளே வைத்து மூடலாம். அங்கே மட்டும் அது பை.

அப்புறம் 'வெற்றிடம்'. உள்ளே இருக்கும் காற்று முழுவதையும் எடுப்பதில்லை. பம்போடு இணைத்த அழுத்தமானியின் முள் 20 அங்குலப் பாதரசத்தில் நின்றால் (முழு வெற்றிடம் என்றால் ஏறத்தாழ 30), மூன்றில் இரண்டு பங்கு காற்றைத்தான் வெளியே எடுத்திருக்கிறோம். மீதி உள்ளேயே இருக்கிறது. பாலியெஸ்டர் வகை ரெசினில் முள்ளை இன்னும் குறைவாக வைப்பதுண்டு. அதிகமாக இழுத்தால் ரெசினில் உள்ள ஸ்டைரின் என்ற திரவம் ஆவியாகிக் குமிழி விடும். இந்த வேலைக்கு ஸ்டைரின் இல்லாத எபாக்ஸி ரெசினை விரும்புவதற்கு அது ஒரு காரணம்.

இதைவிட முக்கியமாக, வேலை செய்வது வெற்றிடமே இல்லை. வெளியே இருக்கும் காற்றுதான் அழுத்துகிறது. 50 செ.மீ.க்கு 40 செ.மீ. அளவுள்ள ஒட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முள் 20 அங்குலத்தில் இருக்கும்போது அந்தத் தாளின் மேல் ஏறியிருக்கும் சுமை ஏறத்தாழ 1,380 கிலோ. கல்லையும் மணல் மூட்டையையும் தூக்கி வைத்து இதைச் செய்ய முடியுமா? அதுவும் வளைந்த அடிப்பாகத்தில், எல்லா இடத்திலும் ஒரே சீராக? படகைக் கவிழ்க்க முடியாமல், கீழே படுத்துக்கொண்டு தலைக்கு மேல் ஒட்ட வேண்டிய இடத்திலும் இதே அழுத்தம் கிடைக்கும். பம்பு பெரிதாக இருந்தால் இன்னும் அழுத்தும் என்று நினைக்க வேண்டாம். ஊட்டியில் எவ்வளவு நல்ல பம்பை வைத்தாலும் முள் சுமார் 23 அங்குலத்தோடு நின்றுவிடும், ஏனென்றால் அங்கே வெளிக்காற்றே அவ்வளவுதான். கடற்கரையில் கிட்டத்தட்ட 30 வரை இடம் இருக்கிறது.

ஆகவே பெயரில் 'அழுத்தம்' வர வேண்டும் என்பது என் கட்சி.

> 'தாழ்வழுத்த ஒட்டு' எப்படி? வானிலைச் செய்தி கேட்கிற எல்லாருக்கும் புரியும்.

இதை எழுதிய அம்மையாரின் மடலை முதலில் படித்தபோது இதுதான் என்று தோன்றியது. தாளுக்கு அடியில் நாம் உண்டாக்குவது ஒரு குட்டித் தாழ்வு மண்டலம்தான். ஆனால் பட்டறையில் 'தாழ்வழுத்த ஒட்டு' என்று சொன்னால் லேசாக அழுத்தி ஒட்டியது என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். பொருள் தலைகீழாகிவிடும். குழுவில் வந்த மற்றச் சொற்களில் 'உறிபை' (உறிஞ்சும் பை) அழகான குறுஞ்சொல், ஆனால் உறியில் தொங்குகிற பையாகத்தான் எனக்குத் தெரிகிறது. 'பையழுத்தல்' கிட்டத்தட்ட சரி. அதைத் தூத்துக்குடிப் பக்கம் சொன்னால் 'பைய அழுத்து' என்று காதில் விழும். இது பைய செய்கிற வேலையும் இல்லை: ரெசினில் அதை இறுக வைக்கும் ஹார்டனர் கலந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது, நம் வெயிலில் அது இன்னும் வேகமாக ஓடும்.

நான் முன்வைப்பது 'உறையழுத்தல்'.

உறை என்றால் மேலே மூடுவது. தலையணைக்கு இருப்பதும் உறை, ஒரு பக்கம் மட்டும் போர்த்துவதையும் உறை என்று சொல்ல இடம் இருக்கிறது. பிரித்துப் படித்தால் 'உறைய அழுத்தல்' என்றும் வருகிறது. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, வேலையின் விதியே அதுதானே. ரெசின் உறைகிற வரைக்கும் பம்பை நிறுத்தக் கூடாது. நடுவில் கரண்டு போனால் தாள் தளர்ந்து, பிழிந்து எடுத்த இடத்தில் மறுபடி காற்று புகுந்துவிடும்.

ஈழத்து நண்பர்களுக்கு அழுத்தம் என்பது அமுக்கம். அங்கே 'உறையமுக்கல்' என்று இருக்கட்டும். அகராதியில் இரண்டையும் பக்கத்தில் போட்டால் போயிற்று.

இந்தச் சொல்லில் இன்னொரு வசதி, குடும்பம் வளர்கிறது. உலர்ந்த இழையைத் தாளுக்கு அடியில் வைத்து, பிறகு குழாய் வழியாக ரெசினை உள்ளே இழுக்கும் முறை இருக்கிறதல்லவா, அதை 'உறையூட்டல்' என்று சொல்லலாம். மேலே விரிக்கும் தாள் 'உறைத்தாள்'. முந்திரியையும் காப்பித்தூளையும் அடைக்கும் 'வெற்றிடப் பொதி'யோடும் குழப்பம் வராது. பம்பு பம்பாகவே இருக்கட்டும், மேட் (கண்ணாடியிழைப் பாய்), ரெசின், ஜெல்கோட் (படகின் வெளிப்பூச்சு) எல்லாம் அப்படியே. ஒட்டுகிறவர் வாயில் இருக்கும் சொல்லைப் பிடுங்கிவிட்டு அவருக்குப் புரியாத ஒன்றைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

உறைத்தாளுக்கு அடியில் வரும் உள்ளடுக்குத் துணிகளின் பெயருக்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பழுதைச் சுற்றிக் கனத்தைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்கிறோம் – 6 மி.மீ. கனத்துக்கு 72 மி.மீ. அதில் ரெசின் நனைத்த கண்ணாடியிழைத் துணியைப் படிய வைத்த பிறகு மூன்று அடுக்கு வருகிறது. முதலில் ரெசின் ஒட்டாத நைலான் துணி. வேலை முடிந்ததும் இதைச் சர்ரென்று உரித்தால், மேல்பரப்பு சொரசொரவென்று அடுத்த பூச்சுக்குத் தயாராக இருக்கும். அதன்மேல் ஊசித்துளை போட்ட பிளாஸ்டிக் தாள். அதன்மேல் பஞ்சு மெத்தை போன்ற துணி. பம்பு ஓட ஓட, மிகுதி ரெசின் துளைகள் வழியாக ஏறி இந்தப் பஞ்சில் புள்ளி புள்ளியாகப் பூக்கும். கையால் ஒட்டிய மேட்டில் இழையைப் போல இரண்டு மடங்கு எடைக்கு ரெசின் நின்றுவிடும். உறையழுத்தலில் நெய்த இழை எடையில் பாதிக்குப் பாதி, அதற்கு மேலும் வரும்.

முதல் துணிக்கு 'உரிதுணி' சரி. கடைசித் துணிக்கு 'உறிதுணி' என்று ஒருவர் எழுதியிருந்தார். உரியும் உறியும் ஒரே பட்டறையில் வேண்டாமே! பேச்சில் இரண்டும் ஒன்றுதான். மாற்றிப் போட்டால் பஞ்சு, ஒட்டோடு சேர்ந்து இறுகிவிடும், அதை அரைத்துத்தான் எடுக்க வேண்டும். அதே மடலில் அவர் இன்னொரு சொல்லும் தந்திருக்கிறார்: 'மூச்சுத்துணி'. ரெசினை வாங்கிக்கொள்வதைவிட, தாள் முழுக்கக் காற்றுக்கு வழி விடுவதுதான் அதன் முதல் வேலை. அதை எடுத்துக்கொள்வோம்.

கடைசியாக, இந்த முறை பற்றிய விக்கிக் கட்டுரையின் வரைவில் 'எல்லாப் பழுதுக்கும் இதுவே சிறந்த முறை' என்று ஒரு வரி இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். உள்ளங்கை அகல ஓட்டைக்கு மேட்டும் ரோலரும் போதும். நுரைப்பலகையை நடுவில் வைத்து ஒட்டும்போது, பெரிய பரப்பை ஒட்டும்போது, எடை குறைய வேண்டிய இடத்தில் இதன் அருமை தெரியும். அதோடு, படகில் ஊடுருவின விரிசல் இருந்தால் உள்பக்கமும் அடைக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். வெளியே நாடாவை எவ்வளவு இறுக்கி ஒட்டினாலும் காற்று பின்பக்கமாக வந்துகொண்டே இருக்கும், முள் ஏறாது. ஒரு துண்டுக் குழாயைக் காதில் வைத்து ஓரமாக நகர்த்திக்கொண்டே போனால் 'ஸ்ஸ்' என்ற சத்தம் எங்கே என்று காட்டிக்கொடுத்துவிடும்.

'உறையழுத்தல்' மீது மறுப்பு இருந்தால் எழுதுங்கள். துளைத்தாளுக்கு இன்னும் சொல் வரவில்லை. 'துளைத்தாள்' என்றே விட்டுவிடலாமா?

அன்புடன்.