மயிலுக்கு டிஎல்இ: வலமா, இடமா?

அம்மாபேட்டை_ஆன்டெனா
தைப்பூசத்தன்று செயற்கைக்கோள் குழுவில் குறும்பாகப் போட "மயில்" என்று ஒரு டிஎல்இ (செயற்கைக்கோளின் பாதையை இரண்டு வரி எண்களில் சொல்லும் தரவு) தயாரித்திருக்கிறேன். மாம்பழத்துக்காக உலகைச் சுற்றக் கிளம்பிய வாகனம். சாய்வு (நிலநடுக்கோட்டோடு பாதை செய்யும் கோணம்) 8 பாகை, வட்டப்பாதை, நாளுக்கு 15.5 சுற்று (உயரம் சுமார் 417 கி.மீ.). கணினி நிரல் ஏற்கிறது. ஆனால் மயில் சேலத்தில் தெற்கே 43 பாகைக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. கைபேசிச் செயலியோ இரண்டாவது வரியையே தள்ளிவிடுகிறது. எங்கே தப்பு?

கன்னங்குறிச்சி_கணக்கு
சாய்வு 8 என்றால் தரைத்தடம் வட 8 பாகையோடு திரும்பிவிடும். சேலம் 11.65-இல் இருக்கிறது, உச்சிக்கு எப்படி வரும்?

அதைவிடப் பெரிய அபசாரம், உங்கள் மயில் அப்பிரதட்சிணமாகப் போகிறது! சாய்வு 90-க்குள் என்றால் மேற்கிலிருந்து கிழக்கு. வடதுருவத்துக்கு மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்று. வலம் வர 90-ஐத் தாண்டணும். 168 போடுங்கள், 180-இல் கழித்தால் 12, சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி. பூமி எதிரே சுழல்வதால் தரிசனமும் கூடும்: சுமார் 99 நிமிடத்துக்கு ஒருமுறை வந்தது 87-க்கு ஒருமுறை வரும்.

நிஜத்தில் இப்படி ஏவினால் பூமியின் சுழற்சி தரும் இலவச வேகம் போய்விடும். அண்டை நாடுகளுக்கு மேல் பறக்கக் கூடாதென்று இஸ்ரேல் தன் ஒஃபெக் உளவுச் செயற்கைக்கோள்களை மத்தியதரைக் கடல் பக்கம் மேற்கே ஏவுகிறது. சாய்வு சுமார் 142.

69_ஆம்_கட்டம்
செயலி தள்ளியது வரியின் கடைசி இலக்கமான சரிபார்ப்பு எண்ணால். முதல் 68 கட்டங்களில் (எழுத்திடங்களில்) உள்ள இலக்கங்களைக் கூட்டுங்கள்; கழித்தல் குறிக்கு 1, எழுத்து, புள்ளி, வெற்றிடத்துக்கு 0. தொகையின் கடைசி இலக்கம் 69-ஆம் கட்டத்தில் வரணும். கழித்தல் குறியைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

சாய்வுக்கு 9 முதல் 16 வரை எட்டுக் கட்டம். 8.0000-க்கு முன்னுள்ள இரண்டு வெற்றிடங்களின் மேலேயே 16 என்று எழுதுங்கள், நடுவில் நுழைக்காதீர்கள். நுழைத்தால் பின்னால் உள்ளதெல்லாம் நகர்ந்து மயில் எங்கோ போய் விழும். இதனால் தொகை 7 கூடும், சரிபார்ப்பு எண்ணையும் அப்படியே மாற்றுங்கள்.

வரும் நேரத்தை மாற்ற மீன் அனாமலி (mean anomaly, பாதையில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற கோணம்): நிமிடத்துக்குத் தோராயமாக 3.9 பாகை, கூட்டினால் முன்னதாக வரும். இபோக் (இந்த எண்கள் எந்த நேரத்துக்கானவை என்பது) உலக நேரத்தில். ஜனவரி 31 இரவு 7.10 (உலக நேரம் 13.40) என்றால் ஆண்டின் 31-ஆம் நாளும் பின்னமுமாக 31.56944. பட்டியல் எண் 99999 கொடுத்துத் தனிக் கோப்பில் வையுங்கள், அசல் பட்டியலோடு கலக்க வேண்டாம்.

சேர்வராயன்_உச்சி
அறிவிப்பில் "மேற்கே எழும்பிக் கிழக்கே மறையும்" என்று பழக்கதோஷத்தில் எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். இது கிழக்கே பூமி நிழலுக்குள் எழும்பி, வழியில் வெளிச்சம் பெற்று, மேற்கே இறங்கும். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் அதே கிழக்கில் நிலாவும் இருக்கும். "ஒன்றும் தெரியலையே" என்பவருக்குப் பதில் தயார். ஏற்காட்டில் பனிமூட்டம் வேறு கைகொடுக்கும்.

பிள்ளையாருக்கும் ஒன்று போடுங்களேன்: சாய்வு 0, நாளுக்கு 1.0027 சுற்று. 35,786 கி.மீ. உயரத்தில் இருந்த இடத்திலேயே இருப்பார். 78 கிழக்கில் உட்கார வைத்தால் சேலத்துக்குத் தெற்கே 76 பாகை உயரம். வெறும் கண்ணுக்குத் தெரிய மாட்டார்.

69_ஆம்_கட்டம்
இரண்டு வரிக்கும் மேலே வரும் பெயர் வரிக்கு 24 இடம்தான். பைட்டாக எண்ணும் நிரலில் தமிழ்க் குறி (எழுத்து, கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி) ஒன்றுக்கு 3 பைட். "மயில்" 15, தாராளம். "பிள்ளையார்" 30, தொப்பை பிதுங்கி, "பிள்ளையா" என்று நிற்பார்.

அம்மாபேட்டை_ஆன்டெனா
168 போட்டதும் உச்சிக்கு வந்துவிட்டது, செயலியும் ஏற்றுக்கொண்டது. அண்ணனை "கணபதி" ஆக்கிவிட்டேன், 15 பைட்.